முகம் பார்க்கும் தரை

ஜூன் 9, திங்கள்

இன்று காலை எட்டு மணியிலிருந்து எட்டு இருபத்தைந்து வரை எங்கள் கூடத்தின் ஈசானிய மூலையில் நின்றேன். வேண்டுதல் எதுவும் இல்லை. தரை துடைக்கிறேன் பேர்வழி என்று வாசலில் ஆரம்பித்து உள்பக்கமாகவே துடைத்துக்கொண்டு போயிருக்கிறேன். கடைசியில் நிமிர்ந்து பார்த்தால் எதிரே வாசல் வரை ஈரம், மூலையில் மாப்புக் குச்சியோடு நான். காலை வைத்தால் அச்சு விழும். காயட்டும் என்று நின்றேன்.

கேஸ் சிலிண்டர் போடுகிற ஆள் வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "சார், ஓடிபி சொல்லுங்க. அங்க இருந்தே சொல்லுங்க, பரவால்ல" என்றான். அடுத்து மாராத்தா வந்தாள். வீட்டு வேலைக்கு வருகிறவள்.

"ஏனுங்ணா, வாத்தியார் நிக்க வெச்ச மாதிரி நிக்கறீங்க? உள்ளிருந்து தொடச்சுட்டுப் பொறகோட்டுப் போவோணுமுங். ரெண்டு வருசமா நானு எப்படிப் போறன்னு பாத்ததே இல்லீங்களா?"

அவள் பின்னாலேயே நகர்ந்து துடைப்பதைப் பார்த்ததில்லை. முப்பத்தோரு வருஷம் வெட்கிரைண்டர் கம்பெனியில் ஃபிட்டர். ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் பேப்பர் படித்தேன். என் காலைத் தூக்கச் சொன்னால் தூக்குவேன். அவள் துடைத்துவிட்டுப் போவாள்.

இந்த டைரி வேணிக்கு மாத்திரை கொடுக்கிற நேரத்தை எழுத வாங்கியது. வேணி, அதாவது கமலவேணி, என் மனைவி. மே 28 காலையில் இந்தக் கூடத்தில் விழுந்து இடது இடுப்பெலும்பு முறிந்தது. தகடு வைத்துத் தைத்து நேற்றுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். தினமும் வாக்கரைப் பிடித்து நடக்க வேண்டுமாம். "ஜூலை பதினாலாம் தேதி காட்ட வரும்போது நடந்து வரணும். இப்பவே படுத்துட்டா அப்புறம் எந்திரிக்கறது கஷ்டம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மாராத்தா கூடத்தைத் தொடக் கூடாது என்பது மகள் பிருந்தாவின் உத்தரவு. அவள் ஓசூரில் இருக்கிறாள். மாராத்தா சோப்புத் தண்ணியை விட்டுவிட்டுப் போய்த்தான் அம்மா வழுக்கி விழுந்தாள் என்பது அவள் முடிவு. அதனால் மாராத்தாவுக்குப் பாத்திரமும் துணியும் மட்டும். கூடம் எனக்கு.

வேணி விழுந்த அன்று காலை நானும் கூடத்தில்தான் இருந்தேன். அது இருக்கட்டும்.

காலை மாத்திரை 8.40. இருபது நிமிடம் தாமதம். காரணம் மேலே.

ஜூன் 10, செவ்வாய்

கடைக்குப் போனேன். பச்சை பினாயில் ஐந்து லிட்டர், எலுமிச்சை வாசனை லிக்விட் ஒன்று, மல்லிகை வாசனை ஒன்று, சுற்றிப் பிழிகிற வாளியோடு மாப்பு ஒன்று. வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர், "ஆஸ்பத்திரி ஏதாவது தொடங்கறீங்களா?" என்றார்.

மாராத்தா ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்து மூடினாள்.

"தரைக்கு எதுக்குங்ணா வாசம்? குனிஞ்சு மோந்து பாக்கப் போறீங்களா?"

"கிருமி சாகும் மாராத்தா."

"கிருமி சாகுதோ இல்லியோ, இந்த நெடிக்கு நாந்தான் செத்துருவேன்."

ஜூன் 11, புதன்

மாத்திரை எல்லாம் நேரத்துக்குக் கொடுத்தேன். வேணி கட்டிலை விட்டு இறங்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

வெள்ளிக்கிழமை என்பதால் தரைக்கு இரண்டு மூடி கூடுதலாக ஊற்றினேன். கூடம் முகம் பார்க்கிற மாதிரி பளபளத்தது. எனக்குப் பளபளப்பு ஒரு வியாதி. கம்பெனியில் பாலீஷ் ஏறாத கிரைண்டர் டிரம் வாசலைத் தாண்டாது. அந்த ஞாபகத்தில்தான் மூன்று வருஷத்துக்கு முன் வேணி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கூடத்து மொசைக்கின் மேல் பளபளப்பு டைல்ஸ் ஒட்டினேன்.

மாராத்தா சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே வரவில்லை.

"எப்படி இருக்குது?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"பளபளன்னு இருந்தா சுத்தம்னு யாருங் சொன்னது? பாம்பு கூடத்தான் பளபளன்னு இருக்குது."

அவள் முறை இது: இரண்டு வாளி. ஒன்றில் நனைக்க, மற்றதில் அலச. துணி பருத்தியாக இருக்க வேண்டும். ஓங்கிப் பிழிய வேண்டும். உள்சுவரில் தொடங்கி வாசலுக்கு முழ அகலத்தில் வரிவரியாகத் துடைத்துவிட்டு, பின்னாலேயே காய்ந்த துணியால் ஒருதரம். சோப்புத்தூள் சனிக்கிழமை மட்டும், அதுவும் விரல் நுனியில் எடுக்கிற அளவு. வேறெதுவும் கிடையாது. சொல்லிவிட்டு அவள் கையிலிருந்த துணியைக் காட்டினாள். நன்றாக ஊறுமாம். பிரித்துப் பார்த்தேன். காணாமல் போன என் எட்டு முழ வேட்டி.

ஜூன் 16, திங்கள்

பிசியோதெரபி தம்பி வந்தார். வேணி எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், அவ்வளவுதான். "பயப்படறாங்க சார். காலு நல்லா இருக்கு, அவங்க நம்ப மாட்டேங்கறாங்க" என்றார்.

பிறகு நானே கேட்டேன். "என்ன வேணி பயம்?"

"என் கால நம்ப முடியாதுங்க. பிருந்தா சோப்புத் தண்ணிங்கறா. மாராத்தா அன்னைக்குக் கூடத்துப் பக்கமே வரல, எனக்குத் தெரியும். தரை காஞ்சுதான் கெடந்துச்சு. இந்தக் காலு சொல்லாமக் கொள்ளாம மடங்கிருச்சு. மறுக்கா மடங்காதுன்னு என்ன நிச்சயம்?"

நான் போய் வாக்கருக்குப் புது ரப்பர் புஷ் நாலு வாங்கி வந்து மாட்டினேன். பழையதும் நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

மாராத்தா தண்ணீர் மோட்டார் பெட்டியைச் சுற்றிப் பெருக்கியிருக்கிறாள்.

"அங்க பின்னால ஒரு கேன் இருக்குதுங்ணா. மஞ்சக் கலரு. தூக்கிப் போடட்டுங்களா?"

"இருக்கட்டும்."

"சேரிங்."

போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். வெயிலுக்காக இருக்கும்.

ஜூன் 20, வெள்ளி

இன்று மாராத்தாவை அறிவியல் முறைப்படி தோற்கடிப்பது என்று முடிவு செய்தேன். பத்தாம் வகுப்பில் அறிவியலில் நாற்பத்தொன்று வாங்கியவன் நான், ஆனால் ஐ.டி.ஐ.யில் கையால் செய்கிற பாடங்களில் என்னை யாரும் அசைத்ததில்லை.

கம்பெனியில் பெல்ட் இறுக்கம் பார்க்கிற ஸ்பிரிங் தராசு ஒன்று என்னிடம் இருக்கிறது. ரிட்டயர் ஆன அன்று அன்பளிப்பாகக் கிடைத்தது, அதாவது நான் எடுத்துக்கொண்டேன். வேணியின் ரப்பர் செருப்பு ஒன்றில் இரண்டு கிலோ அரிசிப் பையைக் கட்டினேன். ஒட்டியதுபோக மீந்த டைல்ஸ் ஐந்து மொட்டைமாடியில் கிடந்தன. அவற்றைச் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு மாதிரி துடைத்துக் காயவிட்டேன். தராசுக் கொக்கியைச் செருப்பு வாரில் மாட்டி மெதுவாக இழுக்க வேண்டும். எத்தனை கிராமில் செருப்பு நகர்கிறதோ அதுதான் அந்தத் தரையின் பிடிமானம். எண் குறையக் குறைய வழுக்கல் அதிகம்.

மாராத்தா பாத்திரத்தைப் போட்டுவிட்டு வந்து நின்றாள். "அரிசி மூட்டைக்குச் செருப்பு போட்டு எங்கீங் கூட்டிட்டுப் போறீங்க?"

ஒன்றும் போடாத டைல்ஸ் ஒரு கிலோ நானூறு. மாராத்தா அவள் முறையில் துடைத்தது ஒரு கிலோ முந்நூற்றைம்பது. மல்லிகை லிக்விட் தொள்ளாயிரம். என் பச்சை பினாயில், நான் வழக்கமாக ஊற்றுகிற அளவில், எழுநூற்றைம்பது.

"என்னுங்ணா, ஆரு செயிச்சது?"

"இன்னும் முடியல. வெயில் ஈரப்பதம்னு நிறைய இருக்குது."

"அஞ்சாவது டைல்ஸ் சும்மா கெடக்குதே. மோட்டாருக்குப் பின்னால இருக்கறத ஊத்திப் பாக்கலீங்களா?"

"அது காலி."

"காலி இல்லீங். பாதிக்கு மேல இருக்குது."

அவள் போன பிறகு ஊற்றிப் பார்த்தேன். போன மாதம் பொருட்காட்சியில் வாங்கியது, தரைக்குப் பாலீஷ் ஏற்றுகிற லிக்விட். ஒரு வாளிக்கு ஒரு மூடி என்று போட்டிருக்கிறது. நாலு மூடி ஊற்றினேன். காய்ந்ததும் ஈரமே தெரியவில்லை, கண்ணாடி மாதிரி இருந்தது. இழுத்தேன்.

நானூறு. மறுபடி நானூற்றிருபது. மறுபடி நானூறு.

நாலு மூடி எதற்கு ஊற்றினேன் என்று எழுத வேண்டிய அவசியமில்லை.

ஜூன் 21, சனி

மாத்திரை சரி. நடை இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

கூடத்தை மாராத்தா முறையில் துடைத்தேன். உள்ளிருந்து வாசலுக்கு. மூன்று முறை துடைத்தேன். பினாயில் போடவில்லை. பிருந்தாவிடம் சொல்லவில்லை. மாராத்தாவிடமும் சொல்லவில்லை, ஆனால் அவள் வந்து நின்று தரையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கத்தான் போகிறாள்.

ஜூன் 25, புதன்

வேணி ஆறு அடி நடந்தாள்! மாராத்தா ஒரு பக்கம் தாங்கிக்கொண்டாள். படுக்கையறைக்குள் கட்டிலிலிருந்து கதவு வரை. கூடத்து வாசற்படிக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். முகமெல்லாம் வியர்த்துவிட்டது.

"வாங்கக்கா, நான் புடிச்சிருக்கறேனில்ல."

"வேண்டாம் மாராத்தா. எந்த எடத்துல மடங்குச்சோ அந்த எடத்துல மறுக்கா மடங்கும்."

திரும்பிக் கட்டிலுக்குப் போனதும் தன் இடது தொடையில் பளாரென்று ஒரு அடி வைத்தாள். "எம்பத்தாறு கிலோவ அம்பத்தாறு வருசமா சொமந்த காலு, ஏமாத்திருச்சே." நான், "ஆமா வேணி, வயசானா அப்படித்தான்" என்றேன்.

இதை ஏன் சொன்னேன்.

ஜூன் 28, சனி

பிருந்தா போனில்: "அப்பா, ஒரு ஏஜென்சி பேசிட்டேன். மெஷினோட வருவாங்க, யூனிஃபார்ம் எல்லாம் போட்டிருப்பாங்க. ஒண்ணாந்தேதியிலிருந்து வரச் சொல்லிட்டேன். மாராத்தாக்காகிட்ட நாளைக்கு நேர்ல வந்து நானே சொல்லிக்கறேன்."

"அம்மா மாராத்தாவப் புடிச்சுத்தான் நடக்கறா கண்ணு."

"விழுந்ததே அவங்களாலதானேப்பா?"

நான் "ம்" என்றேன். ஒரே எழுத்துதான்.

ஜூன் 29, ஞாயிறு

நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

பிருந்தா பத்து மணிக்கு வந்தாள். பன்னிரண்டு மணிக்கு மாராத்தாவைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமல், நாளையோடு போதும் என்றாள். படுக்கையறைக் கதவு திறந்துதான் இருந்தது. வேணி கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அவள ஏண்டி சொல்ற? எங்காலு பண்ணுன வேலைக்கு அவ என்ன செய்வா?" என்று உள்ளிருந்தே கத்தினாள்.

"நீங்க சும்மா இருங்கம்மா. எப்பப் பாத்தாலும் அவங்களக் காப்பாத்தறதே வேலை."

மாராத்தா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். மோட்டார் பெட்டி பற்றி, மஞ்சள் கேன் பற்றி, ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைப் பார்த்துக்கூடத் தொலைக்கவில்லை. பார்த்திருந்தாலாவது கோபப்பட்டிருப்பேன்.

"சேரிங் பாப்பா. இந்தத் துணிய மட்டும் எடுத்துக்கறேன். நல்லா ஊறும்" என்றாள். என் வேட்டி.

நான் எழுந்து மொட்டைமாடிக்குப் போனேன். ஐந்து டைல்ஸ், செருப்பு, அரிசிப் பை, தராசு எல்லாவற்றையும் கொண்டு வந்து மேஜையில் பரப்பினேன். பிருந்தா என் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"என்னப்பா இது?"

"இழு."

ஒவ்வொன்றாக இழுக்க வைத்தேன். ஒன்றும் போடாதது ஒரு கிலோ நானூறு. மாராத்தா துடைத்தது ஒரு கிலோ முந்நூற்றைம்பது. "இதுதான் மாராத்தா தரை. பாத்துக்க. காஞ்ச தரைக்கும் இதுக்கும் அம்பது கிராம்தான் வித்தியாசம்." கடைசி டைல்ஸை இழுத்தாள். செருப்பு சறுக்கி மேஜை விளிம்புக்கே வந்துவிட்டது.

"நானூறு! இது என்ன போட்டது?"

"பாலீஷ் லிக்விட்."

"யாரு வாங்குனது?"

"நான்."

"கூடத்துல எப்பப் போட்டீங்க?"

"மே இருவத்தெட்டு. காலைல ஏழு மணி. ஒரு மூடி போடச் சொல்லியிருந்துச்சு. நான் நாலு மூடி போட்டேன். ஏழரைக்கு உங்கம்மா விழுந்தா. கேனை ஒளிச்சு வெச்சேன்."

உள்ளிருந்து வேணியின் குரல், மெதுவாக.

"அப்ப... எங்காலு மடங்கலையா?"

"இல்ல வேணி. உங்காலு நல்லாத்தான் இருந்துச்சு. தரைதான் எண்ணெ தடவுன தோசைக்கல்லு மாதிரி இருந்துச்சு. நான் பண்ணி வெச்சது."

"ஒரு மாசமா இந்தக் காலத் திட்டிட்டுக் கெடக்கறேன். நீங்க பக்கத்துல உக்காந்து ஆமா போட்டீங்க. வயசானா அப்படித்தான்னு சொன்னீங்க!"

"சொன்னேன்."

கட்டில் கிறீச்சிட்டது. வாக்கர் டக் என்றது. மறுபடி டக். வாசற்படியில் வேணி நின்றாள். ஒரு விநாடிதான். படியைத் தாண்டிக் கூடத்தில் கால் வைத்தாள். முகத்தில் பயம் என்று ஒரு பொட்டுகூட இல்லை. அவ்வளவும் கோபம். என்னை அடிக்கத்தான் வருகிறாள் என்று தெரிந்தது. நகராமல் நின்றேன். வந்து வாக்கரிலிருந்து ஒரு கையை எடுத்து என் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டாள்.

"அம்மா, ஒத்தக் கையில நிக்கறீங்க!" என்று பிருந்தா கத்தினாள்.

"இன்னொண்ணு வாங்குங்க" என்று வேணி மறுபடி கையை ஓங்கினாள்.

மாராத்தா அவள் பின்னால் ஒரு முழ தூரத்தில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, தொடாமல், வந்துகொண்டிருந்தாள். அங்கிருந்து என்னைப் பார்த்து, "அண்ணா, நிக்காதீங்க! அப்பிடியே பொறகோட்டுப் போங்க! அடி கெடைக்கலைன்னா அக்கா இன்னும் வருவாங்க" என்றாள்.

பின்னால் போனேன். வேணி வந்தாள். திட்டிக்கொண்டே வந்தாள். என் அப்பாவில் ஆரம்பித்து, டைல்ஸ் கடைக்காரன், பொருட்காட்சி, கிரைண்டர் கம்பெனி என்று ஒருவரையும் விடவில்லை. நான் சோபாவைச் சுற்றிக்கொண்டு, டிவியைக் கடந்து, வாசல் கதவில் முதுகு இடிக்கும்வரை பின்னாலேயே போனேன். கூடம் முழுவதும்! இருபத்திரண்டு அடி நீளம், நானே டேப் வைத்து அளந்து டைல்ஸ் போட்ட கூடம். வாசலில் வந்து இரண்டாவது குத்தையும் விட்டுவிட்டுத்தான் வேணி மூச்சு வாங்கினாள். அப்போதுதான் திரும்பி வந்த வழியைப் பார்த்தாள்.

"ஏய் மாராத்தா, நான் நடந்தா வந்தேன்?"

"பறந்து வந்தீங்கக்கா."

பிருந்தா மாராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்கக்கா" என்று சொல்லி அழுதாள். மாராத்தா, "கையெல்லாம் சோப்பு பாப்பா, விடுங்க" என்றாள். ஆனால் அவளும் கையை எடுக்கவில்லை.

பிசியோதெரபி தம்பிக்குப் போன் செய்தேன். "என்ன எக்சர்சைஸ் சார் குடுத்தீங்க?" என்று கேட்டார். விளக்கமாகச் சொல்ல முடியவில்லை.

மத்தியான மாத்திரை மறந்துவிட்டது. மூன்று மணிக்குக் கொடுத்தேன்.

ஜூன் 30, திங்கள்

மாராத்தாவிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். ரொம்ப நேரம் ஒத்திகை பார்த்து, நாலு வரி மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். இரண்டாவது வரியிலேயே நிறுத்திவிட்டாள்.

"அதெல்லாம் எனக்கு எதுக்குங்ணா? இனிமே இந்தூட்டுக்குச் சாமான் நான் சொல்றதுதான் வாங்கோணும். சம்மதமுங்களா?"

"சம்மதம்."

"அந்தச் சுத்துற வாளிய எங்க எதிர்வீட்டுப் பொண்ணுக்குக் குடுத்துரட்டுங்களா?"

"குடு."

"பொறவு, உங்ககிட்ட இன்னொரு எட்டு முழ வேட்டி இருக்குதில்லீங்?"

"அது மகள் கல்யாணத்துக்குக் கட்டுனது மாராத்தா!"

"அதுதாங். நல்ல பருத்தி."

கொடுத்துவிட்டேன். மஞ்சள் கேனை என்ன செய்வது என்று கேட்டதற்கு, சாக்கடையில் ஊற்றினால் எலி வழுக்கி விழும் என்றாள். குப்பை வண்டிக்காரரிடம் மூடியை இறுக்கிக் கொடுத்தேன். விஷயத்தைச் சொல்லித்தான் கொடுத்தேன்.

ஜூலை 3, வியாழன்

வேணி வாக்கரோடு கூடத்தில் ஆறு நடை. திட்டாமலே.

ஜூலை 8, செவ்வாய்

இன்று கூடத்தை நான் துடைத்தேன். மாராத்தா மேற்பார்வை. "இன்னும் பிழியுங்ணா. ஃபிட்டருங்கறீங்க, கையில பலமே இல்லை" என்றாள். முடித்ததும் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, "ம். ஆகும்" என்றாள். முப்பத்தோரு வருஷ சர்வீசில் எந்த சூப்பர்வைசர் இப்படிச் சொன்னதற்கும் நான் இவ்வளவு மகிழ்ந்ததில்லை. வேணியிடம் போய்ச் சொன்னேன். அவள் என் தோளைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் நீலமாக இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

வாக்கரை ஓரமாக வைத்தாயிற்று. கைத்தடி. வேணி சமையலறை வரை வந்து, எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த மிக்சியைப் பார்த்து, "ஒரு மாசத்துல ஊட்ட இப்படியா வெச்சிருக்கறது?" என்றாள். எனக்கும் மாராத்தாவுக்கும் சேர்த்துத்தான் திட்டு. இருவரும் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டோம்.

ஜூலை 13, ஞாயிறு

நாளைக்கு டாக்டரிடம் காட்ட வேண்டும்.

காலையில் நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தினால் சமையலறையில் வேணி இல்லை. படுக்கையறையிலும் இல்லை. வாசல் கதவு திறந்திருந்தது. ஓடினேன். கைத்தடியோடு தெருக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று எதிர்வீட்டு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். வெறுங்காலோடு. யாரையும் கேட்கவில்லை, யாரும் கூடப் போகவில்லை.

தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்ட செம்மண், வாசலெல்லாம் தூசி. நான் கூப்பிடவில்லை. உள்ளே வந்து பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்தாள். கூடத்தைக் கடந்து சமையலறைக்குப் போனாள்.

"காப்பி வேணுங்களா?" என்று உள்ளிருந்து கேட்டாள்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்து சமையலறை வரை செம்மண் காலடி. வலது கால் முழுசாக விழுந்திருந்தது. இடது கால் முதலில் விரல்கள் மட்டும். டிவிக்குப் பக்கத்தில் கொஞ்சம் குதிகால். சோபாவைத் தாண்டியதும் அதுவும் முழுசாக, ஐந்து விரலும் குதியும் பதிந்து, வலது காலுக்கு ஜோடியாகப் போயிருந்தது.

பின்வாசல் வழியாக மாராத்தா வாளியோடு வந்தாள்.

"அட கெரகமே, நேத்துத்தான தொடச்சேன். கூடமெல்லாம் மண்ணு. காலத் தூக்குங்ணா."

தூக்கினேன். உள்சுவரில் தொடங்கினாள். துணியை ஓங்கிப் பிழிந்து முதல் வரியை இழுத்தாள்.

இன்னைக்கு ஒரு நாள் அது அப்படியே கெடக்கட்டும் மாராத்தா என்று நான் சொல்லவில்லை.